செல்வப்பிரியாவுக்கு யாரும் தண்ணீர் தராத நாள்

உங்கள் மகள் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் அர்த்தநாரி வெகுநாள் வரை தலையைத்தான் சொறிந்துகொண்டிருந்தார். "கவர்மெண்டு மாதிரிங்க, ஆனா கவர்மெண்டு இல்லீங்க. தண்ணியப் பத்துன வேலைங்க," என்பார். குடிநீர் வாரியமா என்று கேட்பார்கள், இல்லை என்பார். போர் போடுகிற கம்பெனியா என்பார்கள், அதுவும் இல்லை. அதற்கு மேல் அவருக்குச் சொல்ல வராது. பேச்சைத் தென்னை வண்டு பக்கம் திருப்பிவிடுவார்.

பொள்ளாச்சியிலிருந்து கேரளாவுக்குள் போகிற கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி உள்ளே திரும்பினால் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது அவர்களுடைய சிற்றூர். ரேஷன் கார்டு மலையாளத்திலும் சண்டை சச்சரவு தமிழிலும் நடக்கிற ஊர். அந்த ஊரில் படித்த பெண்களுக்கு இரண்டு வழிதான் உண்டு, ஒன்று பி.எட்., இன்னொன்று பேங்க் பரீட்சை. செல்வப்பிரியா இரண்டையும் விட்டுவிட்டுச் சுற்றுச்சூழல் அறிவியல் படிக்கப் போகிறேன் என்றபோது, அவளுடைய அம்மா ராசம்மாளுக்கு அது மரம் நடுகிற படிப்பு என்றுதான் புரிந்தது. மரம் நட எதற்குக் கோயமுத்தூர் போக வேண்டும் என்று அவள் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு அந்தப் புத்தி வந்ததற்கு ஒரு வெள்ளைச் சட்டைதான் காரணம். பிளஸ் டூ படிக்கப் பொள்ளாச்சியில் விடுதியில் இருந்தாள். அங்கே துவைத்தால் பள்ளிக்கூடச் சட்டை வெள்ளையாக இருந்தது. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து துவைத்தால் வெந்தயம் ஊறவைத்த தண்ணீரில் முக்கியதுபோல் மங்கிப்போனது. ராசம்மாள் சோப்பின் மேல் பழியைப் போட்டாள். கடையில் இருக்கிற சோப்பையெல்லாம் மாற்றிப் பார்த்தாள். செல்வப்பிரியா ஒரு காரியம் செய்தாள். வீட்டுச் சோப்பையே எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய், அதே சட்டையை அங்கே துவைத்தாள். சட்டை வெளுத்தது. சோப்பின் மேல் குற்றமில்லை, கிணற்றின் மேல்தான் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. யாரும் சொல்லிக்கொடுக்காமல் இப்படி ஒரு சோதனையைச் செய்து பார்க்கிற பிள்ளையை எந்தப் பேங்க்கில் கொண்டுபோய் உட்கார வைப்பது?

கிணறு கெட்டது அதே ஊர்க்காரர் பூபதிராஜாவின் தென்னை நார்க் களத்தால். தேங்காய் மட்டையிலிருந்து நார் எடுத்தபின் மிஞ்சுகிற தூளை நன்றாகக் கழுவி, காயவைத்து, கட்டியாக அழுத்தி வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். அங்கே அதில் தக்காளியும் பூச்செடியும் வளர்க்கிறார்களாம். கழுவுகிற தண்ணீர் காப்பி நிறத்தில் குழிக்குள் இறங்கும். குழிக்குச் சிமெண்டு பூசவில்லை. குழியில் இறங்கியது மண்ணில் இறங்கியது, மண்ணில் இறங்கியது கிணறுகளில் வந்து நின்றது. பூபதிராஜாவைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கோயில் திருவிழா நோம்பிக்கு முதலில் கை கொடுப்பவர், எதிரில் யார் வந்தாலும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேசுகிறவர். தன் குழித் தண்ணீர் அடுத்தவன் கிணற்றுக்குள் நடந்து போகும் என்பதை மட்டும் அவர் நம்பவில்லை.

செல்வப்பிரியா படித்து முடித்தாள். பாலக்காட்டில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. விஞ்ஞானி என்றால் நாள் முழுக்கக் கருவிக்குள் கண்ணை வைத்திருப்பது என்று நினைத்துப் போனவளுக்கு, முதல் மாதம் முழுக்கப் பாட்டில் கழுவுகிற வேலைதான். பிறகு ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறினாள். ஓடை, குளம், ஆனைகட்டிப் பக்கத்து ஊற்று என்று தண்ணீர் எடுத்து வந்தாள். கண்டக்டர்கள் பெட்டியைப் பார்த்து மீன்காரி என்று நினைத்துக் கடைசி சீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருத்தர் அயிலை இருக்கிறதா என்றே கேட்டார். அவளுக்குக் கோபம் வரவில்லை. அவளுக்கு அந்த வேலை அவ்வளவு பிடித்திருந்தது. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிகிற இரண்டு பாட்டில் தண்ணீரில் ஒன்று குடிக்கலாம், ஒன்று கூடாது என்று சொல்ல முடிகிற தொழில் வேறு எது இருக்கிறது?

இப்படி இருக்கும்போது சொந்த ஊரின் வேலையே அவளிடம் வந்து சேர்ந்தது. பூபதிராஜா இரண்டாவதாக ஒரு கழுவுகுழி வெட்ட பஞ்சாயத்தில் மனு கொடுத்திருந்தார். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். முன்னால் நின்று எதிர்த்தவர் சென்னிமலை, அர்த்தநாரிக்குப் பங்காளி. கிணறுகளைச் சோதித்து அறிக்கை கொடுங்கள், அதைப் பார்த்துத் தீர்மானிப்போம் என்று பஞ்சாயத்து அந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு எழுதியது. கூடத்தின் பொறுப்பாளர் ஜிஸ்மி கடிதத்தைச் செல்வப்பிரியாவின் மேசையில் வைத்தாள்.

"உன்ட சொந்த ஊர் அல்லே பிரியா. நீ எடுக்கணுமா, வேற ஆளை விடட்டுமா?"

"நானே போறேனுங்க மேடம்."

"சரி. ஒப்பும் உன்டது தான்."

தன் கையெழுத்தில் போகிற முதல் அறிக்கை. அறிக்கை கிணறு கெட்டது என்று சொன்னால் குழி நிற்கும், நல்ல தண்ணீர் என்று சொன்னால் இன்னொரு குழி வரும். இரண்டாவது குழியும் வந்துவிட்டால் அந்த ஊரில் பிறகு சோதிக்கக் கிணறு இருக்காது.

இங்கேதான் அவள் ஒரு தப்புச் செய்தாள். போனமுறை ஓடைத் தண்ணீர் எடுக்கப் போனபோது சென்னிமலையின் நாய் அவளைத் தோப்பு தோப்பாக ஓட்டியிருந்தது. அதனால் அம்மாவுக்குப் போன் செய்து, "வெள்ளிக்கிழமை தண்ணி எடுக்க வர்றேனுங்ம்மா. நாயிகளைக் கட்டி வெக்கச் சொல்லுங்க," என்றாள். அவ்வளவுதான் சொன்னது. நாய் பயத்தில் வாயைத் திறந்தாள், அது ஊரையே கிளப்பிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் ஐஸ் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கினாள். நாய்கள் கட்டிக் கிடந்தன. தெருவெல்லாம் கூட்டிச் சாணி தெளித்திருந்தது. முதல் வீட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்து இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். இரண்டாம் வீட்டிலும் இளநீர், மூன்றாம் வீட்டில் மோர். பங்குனி வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் ஏதோ ஒன்று குறைகிற மாதிரி அவளுக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளில் யார் வந்தாலும், 'வாங்க' என்ற சொல்லோடு ஒரு சொம்புத் தண்ணீரும் வரும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். கடன்காரனுக்கும் அதுதான், கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவனுக்கும் அதுதான். அன்றைக்கு ஒரு வீட்டிலும் அவள் கையில் தண்ணீர் கொடுக்கவில்லை.

கிணற்றில் வாளியை இறக்கித் தூக்கினாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் மூக்கில் ஏறியது ஆஸ்பத்திரி வாடை. கையிலிருந்த சின்னக் குப்பியிலிருந்து மருந்து விட்டாள். தண்ணீர் ரோஜா நிறத்துக்கு மாறியது. குளோரின் இருந்தால்தான் அப்படி மாறும். அடுத்த கிணற்றிலும் ரோஜா நிறம், அதற்கடுத்ததிலும் அதே. ஊரே பிளீச்சிங் பவுடரைக் கொட்டி வைத்திருந்தது. புகார் கொடுத்த சென்னிமலை ஒருபடி மேலே போய், மோட்டார் போட்டுக் கிணற்றை வற்ற இறைத்து, லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றியிருந்தார்.

"ஏனுங் சித்தப்பா, தண்ணி கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானுங்களே?"

"எழுதுனது நெசந்தான் அம்மிணி. அதுக்குன்னு நம்மூட்டுப் புள்ளை மொதமொதல்ல அதிகாரியா வரும்போது அந்தக் கருமத்தைக் காட்ட முடியுமா? ஒறம்பரை வந்தா ஊட்டைக் கூட்டறதில்லையா?"

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவருக்கு அது மரியாதை. செல்வப்பிரியாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே தன் வீட்டுக்குப் போனாள். அங்கேயும் கிணற்றடியில் பவுடர் இருந்த காலிச் சாக்கு கிடந்தது. ஊருக்கே முதலில் யோசனை சொன்னவள் அவளைப் பெற்றவள்தான் என்று அப்போது தெரிந்தது.

"அருளுக்குப் பொண்ணு பாக்கற நேரம் கண்ணு," என்றாள் ராசம்மாள். அருள்குமார் செல்வப்பிரியாவின் அண்ணன். "தண்ணி கெட்ட ஊடுன்னு காயிதத்துல ஏறிப்போச்சுன்னா எவன் பொண்ணு குடுப்பான்? கெட்டுப்போன கெணறு எதுன்னு நீயி பொதுவா எழுதிக்கோ. நம்மூட்டுது இதுன்னு எழுதாத."

ஒவ்வொரு வீடும் இதையேதான் நினைத்திருக்கிறது. ஊர்த் தண்ணீர் கெட்டது என்று நிரூபணம் ஆக வேண்டும், ஆனால் கெட்ட கிணறு அடுத்த வீட்டுக் கிணறாக இருக்க வேண்டும். எல்லாரும் அப்படி நினைத்ததால் ஊரில் ஒரு கெட்ட கிணறும் இல்லாமல் போயிற்று. பூபதிராஜா கோடி கொடுத்திருந்தாலும் இவ்வளவு சுத்தமாகத் தன் பக்கம் சாட்சியைத் தயார் செய்திருக்க முடியாது.

மத்தியானம் சென்னிமலையும் இன்னும் சிலரும் அர்த்தநாரியின் வீட்டு மரத்தடியில் கூடினார்கள். காரியம் கெட்டது என்று அவர்களுக்கும் இப்போது உறைத்திருந்தது. சென்னிமலைதான் வழி சொன்னார்.

"இதுல என்ன அம்மிணி இருக்குது? தண்ணி எப்பிடி இருக்கும்னு உனக்குத் தெரியாதா? பொறந்ததுலருந்து பாக்கறே. அந்தக் கணக்கை அப்பிடியே எழுதீரு. பொய்யா எழுதச் சொல்றோம்? நெசத்தைத்தானே எழுதச் சொல்றோம்."

அந்தப் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது, அதுதான் வம்பு. கிணறுகள் கெட்டிருப்பது அவளுக்குத் தெரியும். என்ன அளவு வரும் என்றுகூடச் சுமாராகத் தெரியும். நாலு எண்ணை எழுதிக் கையெழுத்துப் போட்டால் குழி நின்றுவிடும், ஊர் அவளைத் தலையில் வைத்துக் கூத்தாடும். அர்த்தநாரி மகளின் முகத்தைப் பார்த்தார்.

"எழுத மாட்டேனுங்க," என்றாள். "பாட்டில்ல இருக்கறதைத்தானுங்க எழுத முடியும். நான் இன்னைக்கு உங்களுக்காக ஒண்ணு எழுதுனா, நாளைக்குப் பூபதிராஜாவுக்காக ஒருத்தர் எழுதுவாரு. அப்பறம் யாரு எழுதறதையும் யாரும் நம்ப மாட்டாங்க."

"அப்ப என்னன்னு எழுதுவே?"

"எல்லாக் கெணத்துலயும் பவுடர் போட்டிருக்குது, இந்தத் தண்ணிய வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு எழுதுவேனுங்க. முன்னாடியே சொல்லிட்டு வந்தது என்ற தப்புன்னும் எழுதுவேன்."

ஊர் மானத்தைப் பஞ்சாயத்தில் ஏலம் போடப் போகிறாள் என்று ஒருத்தர் எழுந்து போனார். அர்த்தநாரி அதிர்ந்து பேசுகிறவர் இல்லை. "இதுக்கா உன்னையப் படிக்க வெச்சேன்?" என்று மட்டும் கேட்டுவிட்டுத் தோப்புக்குள் போய்விட்டார். அடித்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது. சாப்பிடச் சொல்லி அம்மா கூப்பிட்டது காதில் விழாதவளாக, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ரோட்டுக்கு நடந்தாள். பேங்க் பரீட்சைக்கு இன்னும் வயது இருக்கிறது என்று அந்த வெயிலில் அவள் நினைத்தது உண்மை.

குறுக்கு வழி பூபதிராஜாவின் களத்துக்குப் பின்னால் போகிறது. அங்கே தகரக் கூரை போட்ட வரிசை வீடுகள். களத்தில் வேலை செய்கிறவர்கள் குடியிருப்பது. பீர்மேட்டுப் பக்கம் தேயிலை எஸ்டேட் ஒன்று பூட்டிப்போனபின் அங்கிருந்து இறங்கி வந்த குடும்பங்கள். தமிழர்கள்தான், ஆனாலும் ஊர் அவர்களை மலைக்காரர்கள் என்றுதான் சொல்லும். நோம்பி வரி அவர்களிடம் கேட்பதில்லை, நல்லது கெட்டது சொல்லி அனுப்புவதும் இல்லை. வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்த மாரீஸ்வரி, வியர்த்து வடிய வருகிற பெண்ணைப் பார்த்தாள்.

"என்ன தாயி, இந்த வேக்காட்டுல வாறீக. இப்படி நிழல்ல உக்காருங்க. தண்ணி குடிங்க," என்று உள்ளே போய் ஒரு டம்ளரைக் கொண்டுவந்து நீட்டினாள்.

செல்வப்பிரியா முதலில் டீ என்று நினைத்தாள். ஆவி வரவில்லை. குனிந்து பார்த்தாள். தண்ணீர்தான்.

"நெறத்தைப் பாக்காதீக. காய்ச்சி ஆற வச்சதுதான்," என்றாள் மாரீஸ்வரி. "மேல தேயிலைல வேல பாத்தோம், பச்சத் தண்ணி குடிச்சோம். இங்கன தண்ணியே தேயிலையால்ல இருக்கு. எங்க சதீசு வயித்துவலின்னு கெடக்கான். மண்ணுவாக்கு அப்படின்னு சொல்லுதாக."

சதீஷ் அவள் புருஷன். உள்ளே பாயில் சுருண்டு படுத்திருந்தான்.

"உங்களுக்கு யாரும் சொல்லலீங்களா, இன்னைக்குத் தண்ணி எடுக்க வருவாங்கன்னு?"

"எங்களுக்கு யாரு சொல்லுவா?"

செல்வப்பிரியா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்து குறைந்தது எது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. தண்ணீர் கொடுத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்றுதான் ஊர் முழுக்க இளநீர் வெட்டியிருக்கிறது. மறைக்கத் தெரியாத, மறைக்கச் சொல்லக்கூட ஆளில்லாத ஒரு வீட்டில்தான் அவளை மனுஷியாக வரவேற்றிருக்கிறார்கள். நீட்டிய தண்ணீரை மறுக்கக் கூடாது என்று ஒரு வாய் குடித்தாள். கசந்தது. அறிவியல் படித்தவள் செய்யக்கூடாத காரியம்தான், ஆனால் அவள் செய்தாள்.

பிறகு வந்த வேலையைப் பார்த்தாள். அவர்கள் இறைக்கிற கிணறு வீட்டு வரிசையின் கோடியில் இருந்தது. மருந்து விட்டாள். ரோஜா நிறம் வரவில்லை. பவுடர் போடாத ஒரே கிணறு. பாட்டில் நிறைத்தாள், மூடினாள், பேர் எழுதி ஐஸில் வைத்தாள். இந்தத் தண்ணீரை இனிமேல் குடிக்க வேண்டாம் என்று மாரீஸ்வரியிடம் சொன்னாள். "வேற எங்க போவோம் தாயி?" என்று அவள் கேட்டாள். செல்வப்பிரியா பெட்டியைத் தோளில் மாட்டினாள். திரும்பி ஊருக்குள் நடந்தாள். அம்மாவிடம் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. "உங்களாட்டவே தமிழ் பேசற ஒரு பொண்ணு வரிசை ஊட்டுல அந்தக் கெட்ட தண்ணியக் குடிச்சிட்டு இருக்குதுங்ம்மா. பவுடர் வாங்கறபோது அவங்க நெனப்பு ஒருத்தருக்கும் வரலீங்க," என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சாயங்காலம் ராசம்மாள் சென்னிமலை வீட்டுக்குப் போனாள். லாரித் தண்ணீர் இன்னும் அவர் கிணற்றில்தானே இருந்தது. இரண்டு குடம் மொண்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் களத்துக்குப் பின்னால் நடந்தாள். அந்த வரிசை வீடுகளுக்கு ஊரிலிருந்து யாரும் போய் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

பஞ்சாயத்துக் கூட்டத்தில் செல்வப்பிரியா அறிக்கையை வாசித்தாள். பவுடர் போட்ட கதை முழுக்க அதில் இருந்தது. தன் தப்பும் இருந்தது, தன் வீட்டுக் கிணறும் இருந்தது. கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார். கடைசியில் வரிசை வீட்டுக் கிணற்றின் அளவுகளை வாசித்தபோது சிரிப்பு நின்றது. பூபதிராஜா எழுந்தார்.

"என்ற ஆளுங்க ஒருத்தரும் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்களே," என்றார்.

"அவங்க குடுக்கற தண்ணிய நீங்க குடிச்சிருக்கறீங்களா?" என்று கேட்டாள். மரியாதையாகத்தான் கேட்டாள்.

அவர் குடித்ததில்லை. அவருக்குக் கேன் தண்ணீர் வரும். அதைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். இரண்டாவது குழிக்கு அனுமதி கிடைக்கவில்லை. பழைய குழிக்குச் சிமெண்டு பூசி, கழுவிய தண்ணீரைச் சுத்தம் பண்ணும் வரை வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அதுவரை வேலை செய்கிறவர்களுக்குப் பாதிக் கூலியும் குடிக்க லாரித் தண்ணீரும் பூபதிராஜா கொடுக்க வேண்டும் என்று செல்வப்பிரியா கேட்டாள். அது அறிக்கையில் இல்லாத விஷயம், அவள் வேலையும் இல்லை. கேட்டு வாங்கினாள். அறிக்கையில் பொய் எண் ஒன்று இருந்திருந்தால் அந்த வாயைத் திறந்திருக்க முடியாது.

ஒரே நாளில் கிணறுகள் தெளிந்துவிடவில்லை, தெளிய வருஷங்கள் ஆகும். அர்த்தநாரியும் ஒரே நாளில் பேசிவிடவில்லை. ஆனி மாதம் அருள்குமாருக்குப் பெண் வீட்டார் வீடு பார்க்க வந்தார்கள். செல்வப்பிரியாவும் லீவு போட்டு வந்திருந்தாள். வந்தவர்கள் உட்கார்ந்ததும் ராசம்மாள் இரண்டு சொம்புகளோடு வந்து நின்றாள். ஒன்றில் தெளிந்த தண்ணீர், இன்னொன்றில் பழுப்பு.

"இது குடிக்கறதுக்குங்க. இது எங்க கெணத்துத் தண்ணி, பாக்கறதுக்கு. கெட்டுப்போய்க் கெடக்குதுங்க. பொண்ணைக் குடுக்கறவங்க தெரிஞ்சுக்கோணும்."

அர்த்தநாரி கண்ணை மூடிக்கொண்டார். பெண்ணின் அப்பா பழுப்புச் சொம்பை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். பிறகு தன் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள்.

"எங்களுதும் இப்பிடித்தானுங்க," என்றார். "நீங்க எங்கூட்டுக்கு வந்தப்ப இளநீ வெட்டிக் குடுத்தமே, ஏன்னு நெனச்சீங்க?"

அர்த்தநாரிதான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே, ஓரமாக நின்றிருந்த மகளைக் காட்டி, "இவ என்ற பொண்ணுங்க. தண்ணியப் பாத்து, இருக்கறதை இருக்கறபடி எழுதறதுதான் இவ வேலை," என்றார். இந்தத் தடவை அவர் தலையைச் சொறியவில்லை.

பெண்ணின் அப்பா செல்வப்பிரியாவின் பக்கம் திரும்பினார்.

"எங்கூருக்கும் ஒருக்கா வாங்க அம்மிணி," என்றார். "சொல்லாம வாங்க."